பட்டாணித் தெரு

அத்தியாயம் ஏழு

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு விட்டார்கள். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு குற்றங்களை. எங்களுக்கு வேண்டிய குற்றம் மட்டும் அதில் இல்லை.

முதலில் ஒப்புக்கொண்டவர் டாக்டர் தொலொரேத்தா பிலோனி. எங்களை வேலைக்கு அமர்த்தியவரே அவர்தான்.

"நான்தான் அந்தப் பொண்ணக் கொன்னுக்கிட்டிருக்கேன்" என்றார், காலையில் நாங்கள் கால்யாரி ஆஸ்பத்திரியில் அவருடைய ஆய்வுப் பிரிவுக்குள் நுழைந்து நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள்.

"அப்படின்னா போலீஸ கூப்பிட்டிருக்கலாமே டாக்டர்? நாங்க கொஞ்சம் லேட்டா வர்ற ஆளுங்க" என்றேன் நான். ரைமொண்டா மேடம் என் காலை மிதித்தார். மேடத்தின் செருப்புக் குதிகால் எங்கள் துப்பறியும் அலுவலகத்தின் பாதிச் சட்டதிட்டங்களை எனக்குச் சொல்லித் தந்திருக்கிறது.

டாக்டர் சொன்னது இதுதான். இலாரியா மொச்சி, இருபத்து மூன்று வயது. பிறவியிலேயே தலசீமியா. அவள் உடம்பு உருப்படியான இரத்தத்தை உண்டாக்காது. குழந்தைப் பருவத்திலிருந்து அடுத்தவர் இரத்தத்தில்தான் உயிர் வாழ்கிறாள். எங்கள் தீவில் இது அதிசயமில்லை. எல்லா ஊரிலும் இப்படி ஒரு வீடு உண்டு. டாக்டர் பிலோனி ஒரு புது மாத்திரையைக் கண்டுபிடித்திருந்தார். ஏற்ற வேண்டிய இரத்தத்தின் அளவு அதனால் குறையும். இருபது பேர் அதைச் சாப்பிட்டு வந்தார்கள், எல்லாரும் தேறியும் வந்தார்கள். ஈஸ்டருக்கு மறுநாளுக்குப் பிறகு திடீரென்று இலாரியாவின் இரத்தம் உடைய ஆரம்பித்தது. கண் மஞ்சளாயிற்று. சிறுநீர் கறுப்புத் தேநீர் போலப் போயிற்று.

"நாளைக்கு ரோமாபுரியிலருந்து குழு வருது. மாத்திரைதான் காரணம்னு சொல்லி ஆய்வையே மூடிடுவாங்க. மத்த பத்தொம்பது பேரும் பழையபடி ஆயிடுவாங்க. இன்னிக்கு சாயங்காலம் இலாரியாவுக்கு ஒரு பை இரத்தம் ஏத்தியாகணும். ஏத்தினா அதுவும் உடைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு. ஏத்தலன்னா ராத்திரி தாங்காது." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு, யாரோ மாத்திரைய மாத்தியிருக்கணும். இல்ல, தப்பு என்னோடது. ரெண்டுல எதுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

"அவரைக்காய் ஆகாத உடம்பா?" என்று கேட்டார் மேடம்.

எங்கள் தீவில் யாருக்கு இரத்தம் உடைந்தாலும் முதல் கேள்வி இதுதான். ஃபாவா என்கிற கொழுத்த அவரை இங்கே வசந்தத்தில் எல்லாத் தோட்டத்திலும் காய்க்கும். பெரும்பாலோருக்கு அது விருந்து. சிலருக்கு மட்டும் நாலு காய் தின்றாலே இரத்தம் உடைந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். அது பிறவிக் கோளாறு, வேறொன்றும் செய்வதற்கில்லை. ஜென்மத்துக்கும் அவரைப் பக்கம் போகாமல் இருக்க வேண்டியதுதான்.

"அதையா கேக்காம விடுவேன்? இலாரியா பல்லு மொளைச்ச நாள்லருந்து அவரை திங்கிறா. ஒண்ணும் ஆனதில்ல. இரத்தம் குடுக்கற மூணு பேரையும் சேர்க்கும்போதே சோதிச்சாச்சு. ஆய்வுல ஒவ்வொருத்தருக்கும் மூணே பேர்தான் குடுக்கணும்னு வச்சிருக்கேன், எப்பவும் அதே மூணு பேர். இவளுக்கு அந்த மூணு பேரத் தேடறதுக்குள்ள எனக்கு உயிர் போச்சு. ஓ நெகட்டிவ் என்ன, தெருவுல கெடக்கிற சாமானா? உங்களுக்கு யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க."

ஊசித் தட்டோடு ஒரு நர்ஸ் உள்ளே வந்தாள். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன். கீழே உப்பளத்தில் ஃபிளமிங்கோக்கள் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தன. நர்ஸ் வெளியே போகும் வரை அவற்றை மிகுந்த அக்கறையோடு பார்த்தேன்.

"மூணு பேரும் எந்த ஊர்?" என்று கேட்டார் மேடம்.

"அவ ஊர்தான். பெர்தலோங்கா."

"கெளம்பு அந்தியோகோ" என்றார் மேடம் என்னைப் பார்த்து.

*

பெர்தலோங்காவுக்கு ஒரே பேருந்துதான், ஓட்டுநரும் ஒருவர்தான். பச்சிசியோ லெக்கா. முப்பது வயதிருக்கும். காளை போன்ற கழுத்து, பள்ளிக்கூடப் பையன் போன்ற சிரிப்பு. மலைப்பாதையில் இரண்டு பக்கமும் அவரை வயல்கள், பூவும் பிஞ்சுமாய்க் கிடந்தன. காற்று வாங்கலாம் என்று ஜன்னலைத் திறந்தேன்.

"யோவ், மூடுய்யா அத!"

"வேகுதுங்க."

"வெந்தா வேகட்டும். குளிர் காத்து எனக்கு ஆகாது. மூடு."

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. குளிர் காற்றாம். சண்டை வேண்டாமே என்று மூடினேன்.

நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறோம் என்று தெரிந்ததும் அவன் குரலே மாறிவிட்டது. "இலாரியா எப்படி இருக்கா? கண்ணு தொறந்தாளா? ஏதாச்சும் சாப்பிட்டாளா? நானும் அவளுக்குக் குடுக்கறவன்தாங்க, மூணு பேர்ல ஒருத்தன். குடுக்கற மாசம் ஒயின் தொடமாட்டேன். ராத்திரி நேரத்தோட படுத்துருவேன். அவளுக்குப் போற இரத்தம் இல்லையா, சுத்தமா இருக்கணும்."

"உங்களுக்கு மனசுல ஏதாச்சும் உறுத்தலா இருக்கா?" என்று மேடம் கேட்டார்.

"எனக்கா? எதுக்கு?" என்றான் அவன் ஆச்சரியத்தோடு. அன்று முழுவதும் நாங்கள் சந்தித்தவர்களில் நிம்மதியாகத் தூங்குகிற ஆள் அவன் ஒருவன்தான் என்று தோன்றியது. எனக்கு அவனை உடனே பிடித்துப் போயிற்று.

*

இரண்டாவது வாக்குமூலம் இலாரியாவின் அம்மா அசுந்தாவினுடையது. அடுப்பில் ஒரு பானை கொதித்துக்கொண்டிருந்தது. புதினா வாசமும் பன்றிக் கொழுப்பின் வாசமும் என்னை வாசலிலேயே கட்டிப் போட்டன.

"நாந்தான் காரணம்மா. நானும் என் வீட்டுக்காரரும். ரெண்டு பேருக்குமே இரத்தத்துல அந்தக் குறை இருக்குன்னு தெரியாமலே கட்டிக்கிட்டோம். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணிக்கங்கன்னாங்க. அவர் அழகா இருந்தாரு, நான் அவசரப்பட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து அவ தலையில எறக்கிட்டோம்."

"அது குத்தமில்லங்க அம்மா" என்றார் மேடம்.

"வேற எது குத்தம்?" அந்தம்மா கரண்டியால் பானையைக் கிண்டினாள். "சாயங்காலம் இத எடுத்துட்டுப் போறேன். அவரைக் கூட்டு வேணும்னு கேட்டு ஆளனுப்பியிருக்கா. ஈஸ்டருக்கு மறுநாள் எல்லாரும் மலைக்குச் சாப்பாடு கட்டிட்டுப் போனோம். வருசா வருசம் போறதுதான். பச்சிசியோதான் பஸ்ல கூட்டிட்டுப் போனான். பச்சையா உரிச்சு உரிச்சு, சீஸோட எம்புட்டு தின்னா தெரியுமா! அன்னிக்குத்தான் கடைசியா சிரிச்சா."

அந்தம்மா எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினாள். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அவள் சாப்பாட்டில் பங்கு வாங்கித் தின்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடேயே இரண்டாவது கிண்ணமும் தின்றேன்.

மூன்றாவது வாக்குமூலம் பள்ளி ஆசிரியர் தொம்மாசோவினுடையது. இரத்தம் கொடுக்கிற இரண்டாவது ஆள் அவர். கதவைத் திறந்ததும் எங்களை உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டார்.

"மனைவிக்குத் தெரியக்கூடாது. இரத்தம் குடுக்கறதுக்கு முந்தின ராத்திரி நாட்டுச் சாராயம் குடிச்சேன். ரெண்டு சின்னக் கிளாஸ். சரி, மூணு. அந்தப் பொண்ணு நரம்புல அது ஏறியிருக்கும். நான் ஒரு மிருகம்."

"சாராயம் ஏறியிருந்தா பொண்ணு பாட்டுப் பாடியிருக்கும் சார், இரத்தம் உடைஞ்சிருக்காது" என்று அவரைத் தேற்றினேன். மூன்றாவது ஆள் ஊர்ப் பாதிரியார். அவர் காலமெல்லாம் அடுத்தவர் பாவத்தைக் கேட்டுப் பழகியவர். தன்னுடையதைச் சொல்ல மறுத்துவிட்டார். ஆனால் ஈஸ்டரன்று தானும் வயிறு முட்ட அவரை தின்றதாகச் சொன்னார்.

"ஊர்ல குற்றவாளிக்குப் பஞ்சமே இல்ல மேடம்" என்றேன் வெளியே வந்ததும். "குத்தம்தான் கெடைக்கல. ஆளுக்கு ஒண்ணு நாமளே பிரிச்சுக் குடுத்துட்டுப் போயிடலாமா?"

மேடம் நடக்க ஆரம்பித்தார். யோசிக்கும்போது அவர் நடப்பார். நடக்கும்போது நான் தின்பேன்.

*

தின்றதைப் பற்றி விவரமாகச் சொல்லியாக வேண்டும். வழக்கே அதில்தான் இருந்தது.

பெர்தலோங்காவில் வேலிகள் குட்டை. எல்லா வேலிக்கும் மேலே அவரைச் செடி எட்டிப் பார்க்கும். என் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு துண்டு ஆட்டுப்பால் சீஸ் இருக்கும். அதற்குத் துணையாக ஆசிரியர் வீட்டு வேலியில் நாலு காய் பறித்தேன். பாதிரியார் வீட்டு வேலியில் பத்து. அதைப் பாவம் என்று யாராவது சொன்னால், அவர்தான் மன்னித்துவிடுவாரே. தின்றது போக மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். மேல் தெரு, சந்தைத் தெரு, கிணற்றுத் தெரு எல்லாவற்றிலும் இதே கதைதான். தபால் நிலையத்தைத் தாண்டிக் கீழ்த் தெருவில் இறங்கினோம். கையை நீட்டினேன். பட்டாணி. அடுத்த வேலியிலும் பட்டாணி. எதிர் வேலியில் பட்டாணியும் வெள்ளைப் பூண்டும்.

"என்ன ஊருங்க இது? அவரையே போடாத தெரு ஒண்ணு இருக்குமா? ஏப்ரல் மாசத்துல? கஞ்சப் பயலுக!"

மேடம் நின்றார். நடுத்தெருவில், ஒரு காலை எடுத்து வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எங்கருந்து பட்டாணி ஆரம்பிச்சுது?"

"தபாலாபீஸ் மூலையிலருந்து."

"எங்க முடியுதுன்னு போய்ப் பாரு."

"மேடம், நான் உங்க உதவியாளரா, ஆடா?"

"ரெண்டும்தான். போ."

போனேன். கீழே குதிரைத் தொட்டி வரைக்கும் பட்டாணி. அதைத் தாண்டியதும் மறுபடியும் அவரை. பின்பக்கச் சந்தில் ஏறிப் பார்த்தேன். ஆலிவ் தோப்புச் சுவர் வரை பட்டாணி, அதற்கப்பால் அவரை. திரும்பி வந்து, புழுதியில் குச்சியால் வரைந்து காட்டினேன். ஊர் முழுக்க அவரை. நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் பட்டாணி மட்டும். வட்டத்தின் மையத்தில் பச்சைக் கதவு போட்ட ஒரு வீடு. அதன் பக்கத்துச் சந்தில் என்ன நிற்கிறது என்று நிமிர்ந்து பார்த்தேன்.

பேருந்து நின்றது. ஜன்னல்களெல்லாம் மூடிக் கிடந்தன.

என் வாயிலிருந்த அவரை கசந்தது. அவரை ஆகாதவர்களுக்குப் பூவின் வாசம்கூட ஆகாது என்பது எங்கள் தீவின் பழைய பயம். டாக்டர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்தாலும் நாங்கள் ஜன்னலை மூடிக்கொள்வோம்.

வேலி ஓரத்தில் ஒரு அம்மாள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மேடம் அவளிடம் போனார்.

"பட்டாணி நல்லா வந்திருக்குங்க. அவரை போடறதில்லையா?"

"இந்தத் தெருவுல போடறதில்ல."

"மண்ணு சரியில்லையா?"

"மண்ணுக்கு என்ன? போடறதில்ல, அவ்வளவுதான்." துணியை உதறினாள். மேடம் நகரவில்லை. அந்த அம்மாள் பச்சைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "எஃபிசியாவோட மூத்த புள்ள. நடை பழகற வயசு. ஒரு ஏப்ரல்ல யாரோ வீட்டு வேலியில காய் பறிச்சுத் தின்னுட்டான். யார் வீட்டு வேலின்னு இன்னி வரைக்கும் யாரும் கேக்கல. மறு வருசம் யாரும் விதைக்கல. இனிமே போடாதீங்கன்னு எஃபிசியாவும் சொல்லல, போடமாட்டோம்னு நாங்களும் சொல்லல."

"அடுத்து பொறந்த பச்சிசியோவுக்கும் ஆகாதா?"

"ஆகாது. கடைக்குட்டிக்கு ஒண்ணுமில்ல, அவன் கப்பல்ல இருக்கான்." சட்டென்று விழித்துக்கொண்டாள். "அந்தப் பேச்ச அவன் காதுபட எடுத்துடாதீங்கம்மா. நாங்க எடுக்கறதில்ல."

"அவன் இலாரியாவுக்கு இரத்தம் குடுக்கறது தெரியுமா?"

"தெரியாம என்ன? தங்கமான புள்ள."

ஊரே அறிந்த விஷயம். கால்யாரியில் இருக்கும் டாக்டருக்கு மட்டும் தெரியவில்லை. ஒரு தெருவே சேர்ந்து ஒரு குழந்தைக்காகத் தலைகுனிந்து, முப்பது வருடமாய் வாய் திறக்காமல் பட்டாணி பயிரிட்டது. அந்த நல்ல மனசைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் அந்த வீட்டுக்கு வழி கண்டுபிடித்தோம். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்குத் திருடன் மாதிரி இருந்தது.

*

பச்சிசியோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான். அம்மா எஃபிசியா ரொட்டியை எங்கள் பக்கம் தள்ளினாள்.

"அந்தியோகோ, உன் கோட்டுப் பையில இருக்கறத எடுத்து மேசை மேல வை" என்றார் மேடம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மேடம், வேணாமே."

"வை."

வைத்தேன். ஏழெட்டுக் காய்கள் மேசை விரிப்பின் மேல் பச்சையாய் உருண்டன.

எஃபிசியா கத்தவில்லை. அடுப்பிலிருந்து இடுக்கியை எடுத்து ஒவ்வொரு காயாய்ப் பிடித்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள். பிறகு மேசை விரிப்பையும் சுருட்டி வெளியே போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். முப்பது வருடமாய் அந்த வீட்டுக்குள் வராத ஒன்றை நான் கொண்டுவந்திருந்தேன். அந்தப் பார்வையை நான் மறக்க நாளாகும். பச்சிசியோ சுவரோடு ஒட்டி நின்றான்.

"ஆமா, ஆகாது எனக்கு" என்றான். "அதுக்கு என்ன இப்ப? அதுக்கும் இலாரியாவுக்கும் என்ன?"

"ஆஸ்பத்திரி சோதனையில தப்பிச்சது எப்படி?"

அவன் அம்மாவைப் பார்த்தான். "கிறிஸ்துமஸுக்குத் தம்பி வந்திருந்தான். ஒரே சாயல், ஒரே வகை இரத்தம். எம்பேரச் சொல்லி அவன் போய்க் கை நீட்டிட்டு வந்தான். புது நர்ஸு, முகத்தப் பாத்தாங்க, விட்டுட்டாங்க. அவன் மறுநாளே கப்பலுக்குப் போயிட்டான். அடிக்கடி வர முடியாதில்ல, அதான் குடுக்கறது நானே குடுத்தேன்."

"பொய்ன்னு தெரிஞ்சும்?"

"மூணாவது ஆள் கெடைக்கலன்னா அவள மருந்துல சேக்கமாட்டோம்னுட்டாங்க மேடம்!" முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. "அவ ஸ்கூல் முடிக்கற வயசுலருந்து நாந்தான் அவள இரத்தம் ஏத்தக் கூட்டிட்டுப் போறேன். கண்ணாடியில பாப்பேன். போறப்ப மெழுகு மாதிரி இருப்பா. வர்றப்ப கன்னத்துல நெறம் வந்திருக்கும், வாய் ஓயாது. அவளுக்கு அந்த மருந்து கெடைக்கட்டும்னுதான். எந்தத் தப்பும் நடக்காமப் பாத்துக்கிட்டேன். குடுக்கறதுக்கு முன்னாடி அவரை வயல் பக்கமே போகமாட்டேன். எம்மேல அந்தக் காத்துகூடப் படல. அவ்வளவு சுத்தமான இரத்தம் மேடம் அது."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த மாதிரி நேரத்தில் அவர் நின்றுகொண்டு பேசமாட்டார்.

"பச்சிசியோ, நீ அவரை தின்னாம இருந்தே. சரி. ஆனா அவ தின்னாளே?"

"அவளுக்குத்தான் ஆகுமே?"

"அவளுக்கு ஆகும். அவ உடம்புல ஓடின உன் இரத்தத்துக்கு ஆகாது."

அவனுக்குப் புரியவில்லை. புரியாமலே சிரிக்க முயன்றான். "உள்ள போனதும் அது அவளோடதாயிடும்ல?"

"ஆகாதுப்பா. எங்க போனாலும் அது உன் இரத்தமாத்தான் இருக்கும். ஈஸ்டருக்கு மறுநாள் அவ சாப்பிட்ட அவரை, அவளுக்குள்ள இருந்த உன்னைத்தான் பிடிச்சுது."

எஃபிசியா இடுக்கியைக் கீழே வைத்தாள். பச்சிசியோ மெதுவாகச் சுவரோரமாய்த் தரையில் உட்கார்ந்தான்.

"நாந்தான் பஸ்ல கூட்டிட்டுப் போனேன்" என்றான். "எல்லாரும் உரிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் தள்ளி பஸ்ஸு கிட்ட நின்னேன். அவ திங்கறதப் பாத்தேன். கைய ஆட்டிக் காட்டினா. நானும் கைய ஆட்டினேன்."

காலையில் எதுக்கு உறுத்தல் என்று கேட்ட அந்த முகத்தை நான் நினைத்துக்கொண்டேன். அதை அவனிடமிருந்து பிடுங்கியவர்கள் நாங்கள்தான். எங்கள் தொழிலில் இதற்குத்தான் வெற்றி என்று பெயர்.

மேடம் ஏற்கனவே போனில் இருந்தார். "டாக்டர், சாயங்காலம் ஏத்தறதுக்கு எடுத்து வச்சிருக்கற பை யாரோடது?"

பதில் எனக்கும் கேட்டது. போன தடவை பச்சிசியோ கொடுத்ததை இரண்டு பையாகப் பிரித்திருந்தார்கள். ஒன்று ஈஸ்டருக்கு முன்பே ஏறிவிட்டது. மற்றது இப்போது இலாரியாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது.

"அத எடுத்துடுங்க. முதல்ல சோதிச்சுப் பாருங்க, அவரை ஆகாத இரத்தம் அது. அப்புறம், அசுந்தாம்மா ஒரு பானை கொண்டு வருவாங்க. அதையும் உள்ள விடாதீங்க." டாக்டர் ஏதோ கேட்டார். "ஆமா டாக்டர். மாத்திரை இல்ல. உங்க மாத்திரை இல்ல."

டாக்டர் அழுவது எனக்குக் கேட்டது. அழுது முடித்ததும் டாக்டர் மறுபடியும் டாக்டராகிவிட்டார். ஆசிரியரும் பாதிரியாரும் இப்போதுதான் கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் மறுபடி எடுக்க முடியாது. ஆஸ்பத்திரிக் கையிருப்பில் ஓ நெகட்டிவ் இல்லை. கடல் தாண்டி வரவழைத்தால் நாளை மதியமாகும். அந்தப் பெண்ணிடம் அவ்வளவு நேரம் இருக்கிறதா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

மேடம் போனை வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"அந்தியோகோ."

"மேடம்?"

"காலையில டாக்டர் ஓ நெகட்டிவ்னு சொன்னதும் நீ எந்திரிச்சுப் போய் ஜன்னல்ல என்ன பாத்தே?"

"ஃபிளமிங்கோ."

"எங்க கூப்பிட்டாலும் திங்கறத விட்டு எந்திரிக்காதவன் நீ. என்னிக்கிருந்து பறவை பாக்க ஆரம்பிச்சே?"

"அது ஊசி வந்துச்சு, அதனால…"

"ஊசி அப்புறம்தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடியே உன் நாற்காலி நகர்ந்துடுச்சு. போன வருஷம் நீ ஸ்கூட்டர்ல விழுந்தப்போ உன் பர்ஸ்லருந்து ஓ நெகட்டிவ்னு போட்ட அட்டைய எடுத்து ஆஸ்பத்திரியில காட்டினது யாரு?"

தரையில் உட்கார்ந்திருந்த பச்சிசியோ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். எஃபிசியாவும் பார்த்தாள். ஊரெல்லாம் செய்யாத குற்றத்துக்கெல்லாம் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருக்க, நான் அவரையைத் தின்றுகொண்டு, எல்லாரையும் கேலி பேசிக்கொண்டு, என் கையில் ஓடுவதைப் பற்றி மட்டும் மூச்சு விடாமல் திரிந்திருக்கிறேன். காது வரை சூடேறியது.

"பயம் மேடம்" என்றேன். வேறு எந்த ஜோக்கும் வரவில்லை.

"தெரியும். அதான் காலையிலேயே கேக்கல. நீயா சொல்லுவேன்னு பாத்தேன். இப்ப நேரமில்ல."

பச்சிசியோ எழுந்து பேருந்துச் சாவியை எடுத்தான்.

*

பச்சிசியோ பேருந்தை விரட்டி மலையிறக்கினான். நான் ஜன்னலைத் தொடவில்லை. வேகுதே என்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள். "அவரை ஆகுமா?"

"காலையிலருந்து மூணு தெரு வேலிய காலி பண்ணியிருக்கேன். ரெண்டு கிண்ணம் கூட்டும் தின்னேன். இன்னும் நிக்கிறேன்."

"இருந்தாலும் சோதிப்போம்" என்றாள். இந்தத் தடவை முகத்தைப் பார்த்து விட்டுவிடவில்லை. அடையாள அட்டையை வாங்கிப் படமும் முகமும் ஒன்றுதானா என்று பார்த்தாள். டாக்டர் சோதனைச்சாலையைத் துரத்தி வேலை வாங்கினார். பச்சிசியோவின் பையைப் பற்றி மேடம் சொன்னது சரி என்றும், என் இரத்தத்தில் பழுதில்லை என்றும் சேர்ந்தாற்போல் தகவல் வந்தது.

ஊசி குத்தியபோது நான் கூரையைப் பார்த்தேன். அங்கே ஃபிளமிங்கோ எதுவும் இல்லை. பை மெல்ல நிரம்பியது. வாசலில் பச்சிசியோ நின்றுகொண்டிருந்தான். அவன் இடது பக்கம் நான் படுத்திருந்த அறை. வலது பக்கம் தாழ்வாரத்தின் கடைசியில் இலாரியாவின் அறை.

"வலிக்குதா?" என்று கேட்டான்.

"சேச்சே. எறும்பு கடிச்ச மாதிரி."

பொய்தான். அவன் நம்பவில்லை, ஆனாலும் தலையாட்டினான். பையையே பார்த்தான்.

"இது அவ உள்ள தாங்கும்ல?"

"அவரைக்கெல்லாம் அசையாது. வேணும்னா அவளுக்கு அப்பப்ப திருட்டுப் புத்தி வரலாம், அவ்வளவுதான்."

அவன் சிரிக்கவில்லை. மேடத்தைப் பார்த்தான். "அவகிட்ட யார் சொல்றது?"

"டாக்டர் சொல்லலாம். நான் சொல்லலாம்" என்றார் மேடம். "யார் சொல்லணும்னு உனக்கே தெரியும்."

"என் மூஞ்சியில முழிக்கமாட்டா."

"முழிக்காம போகலாம். அது அவ இஷ்டம்."

அவன் கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். பிறகு அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தான். பேருந்து ஓட்டுகிறவனின் நடை, ஒவ்வொரு அடியும் கனமாக விழுந்தது. கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒரு பெண் குரல், மெலிந்து போயிருந்தது, ஆனாலும் கிண்டல் போகவில்லை.

"பச்சிசியோவா? இத்தன நாளா எங்க போயிருந்தே? வா உள்ள. ஏன் அங்கயே நிக்கிறே?"

கதவு மூடிக்கொண்டது. காலையிலிருந்து கேட்ட வாக்குமூலங்களில் உண்மையானது அந்தக் கதவுக்குப் பின்னால்தான் தொடங்கியது. ஒட்டுக் கேட்பது எங்கள் தொழில். ஆனாலும் மேடம் எழுந்து வந்து எங்கள் அறைக் கதவையும் சாத்தினார்.